பவனி போனவன் திரும்பவில்லை

ஆனித் திங்கள் வந்துவிட்டால் திருநெல்வேலி டவுணின் நான்கு தேர் வீதிகளிலும் தலைகளைத் தவிர வேறெதுவும் தெரியாது. நெல்லையப்பர் தேர் நிலைவிட்டுப் பெயரும் நாள். வடம் பிடிப்போர் ஒருபுறம். வாய் பிளந்து நிற்போர் ஒருபுறம். மாடி விளிம்பிலும் திண்ணைத் தூணிலும் சாய்ந்து நிற்கும் மங்கையர் ஒருபுறம். அதே நாட்களில் மேற்கே, ஆலங்குளம் தாண்டித் தென்காசிக்குச் செல்லும் சாலையின் கோடியிலே, குற்றால மலையில் சாரல் தொடங்கியிருக்கும். இறைவன் உலாவரும் வீதியையும் சாரல் வீசும் மலையையும் இணைத்து, ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன், இந்த வட்டாரத்துப் புலவர் ஒருவர் ஒரு நாடகம் கட்டினார். குற்றாலக் குறவஞ்சி என்று அதற்குப் பெயர். காதல் நாடகம், அதிலும் நகைச்சுவை நாடகம். ஆயின் அதன் நாயகி காதலித்தாள், நாயகன் வரவில்லை. இந்த வேடிக்கையைத்தான் நாம் இங்கே ஆராயப் புகுகிறோம்.

ஆக்கியவர் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர். மேலகரம் குற்றாலத்துக்கு அண்மையிலுள்ள ஊர். 1706 முதல் 1732 வரை மதுரையை ஆண்ட முத்து விசயரங்க சொக்கநாத நாயக்கர் இந்நூலுக்குப் பரிசாகக் கவிராயருக்கு நிலம் வழங்கினார்; அந்த நிலம் 'குறவஞ்சி மேடு' என்றே வழங்கலாயிற்று. வசந்தவல்லியின் காதல் நோய்க்கு மருந்து கிடைத்ததோ இல்லையோ, அதைப் பாடியவருக்குக் காணி கிடைத்தது! கவிராயரைக் குறைத்துப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. சொல்லை ஆடவைக்கும் ஆற்றலில் அவருக்கு இணையானவர் அந்த நூற்றாண்டில் அதிகம் பேர் இல்லை. வண்ணாரப்பேட்டையிலே வட்டத்தொட்டி கூட்டித் தமிழ்ச் சுவையைப் பங்கிட்ட டி. கே. சிதம்பரநாத முதலியார், பிற்காலத்தில் குற்றாலத்திலேயே குடியிருந்து, 1954-இல் மறையும் வரை அந்தப் பாட்டின் இனிமையைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். இனிமை உண்டு, நாமும் மறுக்கவில்லை. அந்த இனிமை எதன்மேல் பூசப்பட்டிருக்கிறது என்பதே கேள்வி.

கதையைப் பார்ப்போம்.

குற்றாலநாதர் விடையேறி வீதியுலா வருகிறார். செய்தி கேட்ட பெண்கள் வீட்டைவிட்டு ஓடி வருகிறார்கள். எப்படி? ஒரு கையில் வளை பூண்டவள் மறு கைக்குப் பூண மறந்து ஓடுகிறாள். ஒருத்தி மார்புக்குரிய ரவிக்கையை இடுப்பில் சுற்றுகிறாள். இடுப்புக்குரியதை மார்புக்கு ஏற்றுகிறாள். ஒரு கண்ணுக்கு மை தீட்டியவள் மறு கண்ணுக்கு எடுத்த மையைக் கையிலேயே ஏந்தியபடி வந்து நிற்கிறாள். நல்ல நகைச்சுவை, ஐயமில்லை! மேடையில் ஆடிக் காட்டினால் சிரிக்காதவர் இரார். ஆனால், சிரித்து முடித்தபின் ஒரு கணம் எண்ணிப் பாருங்கள், தோழர்களே! அத்தனை பெண்களும் அரைகுறை ஆடையோடு அறிவிழந்து ஓடிவர, அவர்கள் யாருக்காக ஓடி வந்தார்களோ அவர் ஒருவரையேனும் திரும்பிப் பார்த்தாரா? பார்க்கவில்லை. பார்த்தால் அது உலா ஆகாது. பார்க்கப்படுவதற்காகவே வருபவர் அவர். அவரைக் கண்டு பித்தாவதற்காகவே நிறுத்தப்பட்டவர்கள் இவர்கள்.

அந்தக் கூட்டத்தின் நடுவே பந்தாடிக்கொண்டு வருகிறாள் வசந்தவல்லி. காண்கிறாள், மயங்குகிறாள், விழுகிறாள். பிறகு சந்தனம் சுடுகிறது, தென்றல் எரிக்கிறது, நிலவைப் பார்த்து ஏசுகிறாள், மன்மதனைப் பார்த்துப் பொருமுகிறாள். தோழியைத் தூது அனுப்பும்போது அவள் சொல்லும் செய்திதான் இந்நாடகத்தின் உயிர் என்று நாம் கருதுகிறோம். வருவதானால் இப்போதே வரட்டும். வராவிட்டால் அவர் அணிந்த மாலையையாவது தரட்டும். அதுவுமில்லை என்றால் தன்னிடமிருந்து கொண்டுபோன நெஞ்சையாவது திருப்பிக் கொடுக்கட்டும். கடன் கொடுத்தவன் வட்டியை விட்டு, முதலில் பாதியை விட்டு, கடைசியில் பத்திரத்தையாவது கொடு என்று கெஞ்சும் நிலை அல்லவா இது! தோழி போகிறாள். மாலை வந்து சேர்ந்ததாகக் கவிராயர் பாடவில்லை. நெஞ்சும் திரும்பி வரவில்லை. அடுத்து அவள் செய்வது என்ன? கூடல் இழைக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு மணலில் வட்டம் கீறுவது. கோட்டின் இரு முனைகளும் கூடினால் காதலன் கூடுவான் என்று கொள்வது. மனிதர் பதில் சொல்லாதபோது மணலைக் கேட்கும் அவலம் அது.

மணலுக்கு அடுத்த படி குறி. மலையிலிருந்து இறங்கி வருகிறாள் குறத்தி. என்ன குறியானாலும் சொல்வேன் என்கிறாள். சொல்வதற்கு முன் கஞ்சி கேட்கிறாள், கூழானாலும் பெரிய குடுக்கை நிறையக் குடிப்பேன் என்கிறாள், வெற்றிலை பாக்கு அள்ளித் தரச் சொல்கிறாள். நேர்மையான பெண்! வயிற்றுக்காகத்தான் வந்தேன் என்பதை மறைக்கவே இல்லை. பிறகு கையைப் பார்த்து, இது காய்ச்சலல்ல, காமக் காய்ச்சல் என்கிறாள். வசந்தவல்லிக்குச் சினம் பொங்குகிறது. கன்னியாகிய என்னை இப்படிச் சொல்வதா என்று சீறுகிறாள். சீறினாலும் அடுத்த மூச்சில் அவன் பேரென்ன, ஊரென்ன என்று கேட்கத் தவறவில்லை. ஊரே கூடியிருந்த வீதியில், உலாவந்தவரைக் கண்டு ஒரு பெண் மயங்கி விழுந்திருக்கிறாள். அவளுக்கு வந்த நோய் இன்னதென்று சொல்லக் கைரேகை எதற்கு? நடந்ததை நடந்தவளுக்கே திருப்பிச் சொல்லி, கேட்க விரும்பியதை ஈற்றில் சேர்த்து, வருவார் என்று முடிக்கிறாள் குறத்தி. மகிழ்ந்த வசந்தவல்லி நகைகளை அள்ளிக் கொடுக்கிறாள். அத்தோடு அவள் பங்கு முடிந்தது. குறி பலித்ததா? நாடகம் அதைக் காட்டுவதில்லை.

இத்தகைய மடமைக் காதல் நம் நாட்டில் மட்டும் மேடையேறியது என்று எவரும் எண்ணவேண்டாம். ஆங்கில நாட்டிலே ஷேக்ஸ்பியர் 'பன்னிரண்டாம் இரவு' என்றொரு நாடகம் எழுதினார். 1602 பிப்ரவரியில் லண்டன் நகரத்துச் சட்ட மாணவர் விடுதி ஒன்றில் அது நடிக்கப்பட்டது. அதிலே மால்வோலியோ என்ற காரியக்காரன், தன் தலைவியாம் செல்வச் சீமாட்டி தன்னைக் காதலிப்பதாக நம்பிவிடுகிறான். நம்ப வைத்தது பணிப்பெண் எழுதிய பொய்க் கடிதம். கடிதத்தில் கண்டபடி மஞ்சள் காலுறை மாட்டிக்கொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நிற்கிறான். பைத்தியம் என்று இருட்டறையில் அடைக்கிறார்கள். அங்கும் ஒருதலைக் காதல். அங்கும் கேட்க விரும்புவதைச் சொல்லும் ஒரு கருவி. கடிதம் அங்கே செய்ததைக் குறி இங்கே செய்கிறது. ஆனால் வேறுபாட்டைக் கவனியுங்கள். மால்வோலியோவின் ஏமாற்றம் வெளிப்பட்டுவிடுகிறது. கடிதம் பொய் என்று அவனுக்கே தெரிந்துவிடுகிறது. பழிக்குப் பழி என்று உறுமிக்கொண்டேனும் அவன் மேடையைவிட்டு வெளியேறுகிறான். வசந்தவல்லிக்கு அந்த விடுதலையும் இல்லை. அவளுடைய மயக்கத்துக்குப் பக்தி என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் மாறிய பிறகு தெளிவதே குற்றமாகிவிடுகிறது.

இந்தப் பெயர் மாற்றம் ஒரு நாளில் நிகழ்ந்ததன்று. தொல்காப்பியம் அகத்திணையை ஏழாகப் பகுத்தது. நடுவே நின்ற ஐந்தும் ஒத்த அன்பு. அவனும் அவளும் ஒருவரை ஒருவர் விரும்பிக் கூடுவதும் பிரிவதும் ஊடுவதும். ஒருதலைக் காமமாகிய கைக்கிளையை முன்னாலும், பொருந்தாக் காமமாகிய பெருந்திணையைப் பின்னாலும், இரண்டையும் ஓரத்தில் ஒதுக்கி வைத்தது. பதில் வராத இடத்தில் தானே பேசித் தானே மகிழ்பவனைத் தமிழன் அன்றே அடையாளம் கண்டு, அதற்கு நடுவீட்டில் இடமில்லை என்று சொல்லிவிட்டான். அந்தக் கைக்கிளையில் ஏங்குபவன் ஆண் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

பிறகு அரசு பெருத்தது, கோயில் பெருத்தது, உலா என்னும் பாட்டு வகை தோன்றியது. தலைவன் வீதியில் வருவான். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என ஏழு பருவத்துப் பெண்களும் அவனைக் கண்டு மயங்குவார்கள். பேதை என்பவள் யார்? ஐந்து வயதிலிருந்து ஏழு வயதுக்குள் இருக்கும் சிறுமி! பாவை வைத்து விளையாடும் குழந்தை முதல் நாற்பதை எட்டிய பெண்மணி வரை ஒருத்தியும் தப்பக் கூடாது என்று பாட்டியல் இலக்கணம் வகுத்தது. சேரமான் பெருமாள் கயிலைநாதன்மேல் பாடினார். ஒட்டக்கூத்தர் 12-ஆம் நூற்றாண்டில் சோழ வேந்தர் மூவர்மேல் பாடினார். தெய்வத்துக்கும் வேந்தனுக்கும் ஒரே சட்டை! ஓரத்தில் கிடந்த கைக்கிளை நடுவீதிக்கு வந்தது. ஏங்கும் இடத்திலிருந்து ஆண் விலகிக்கொண்டான், பெண்ணை நிறுத்தினார்கள். உலாவின் அந்த மரபையே குறவஞ்சி தன் முதற் பாதியாக எடுத்துக்கொண்டது.

நாயகன் பெயர் மட்டும் இடத்துக்கு இடம் மாறும். தஞ்சையில் 1798 முதல் 1832 வரை அரியணையில் இருந்த இரண்டாம் சரபோசிமேல் கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் சரபேந்திர பூபால குறவஞ்சி பாடினார். அங்கே நாயகி ஏங்குவது மன்னனுக்காக. நம் திருநெல்வேலியிலே 1774-இல் பிறந்து தஞ்சையிலே வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். அங்கே ஏக்கம் ஏசுநாதருக்காக. சமயம் மாறிற்று, சாமி மாறிற்று, ஏங்கும் வேலை மட்டும் பெண்ணுக்கே நிலைத்தது.

இனி, மேடையில் ஆடியவர் யார் என்று கேட்போம். வசந்தவல்லி தாசி என்று கவிராயர் சொல்லவில்லை. ஆனால் குறவஞ்சிகளைக் கோயில்களில் ஆடி வந்தவர்கள் பொட்டுக்கட்டப்பட்ட பெண்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் சரபேந்திர பூபால குறவஞ்சியை ஆடியவர்களும் அவர்களே. சிறுமியாய் இருக்கும்போதே தெய்வத்துக்கு மனைவி என்று தாலி ஏற்றவள், வாழ்நாள் முழுவதும் ஒரு கல்லிடமிருந்து மாலையை எதிர்பார்த்து நின்றவள், மேடையில் ஏறி வசந்தவல்லியாக ஏங்கிக் காட்டுகிறாள்! நடிப்புக்கும் வாழ்வுக்கும் நடுவே திரை ஒன்று இருந்ததா? மேடையில் நாயகன் வருவதில்லை. வாழ்வில் நாயகனுக்குப் பதிலாக வேறு பலர் வந்தார்கள். நிலமுடையவரும் பணமுடையவரும் வந்தார்கள். மணந்தவன் கேட்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. அவன் மௌனமே அவர்களுக்கு வசதி.

இந்த வசதியை எதிர்த்து டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் சென்னைச் சட்டமன்றத்தில் 1920-களின் இறுதியில் போர் தொடுத்தபோது, கலை அழிந்துவிடும், சமயம் சாய்ந்துவிடும் என்று எழுந்த கூக்குரல் கொஞ்சமன்று. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், அந்த வாழ்க்கையின் உட்புறத்தை அறிந்தவர், 1936-இல் 'தாசிகள் மோசவலை' என்ற புதினத்தை எழுதி, வலையின் ஒவ்வொரு கண்ணியையும் விரித்துக் காட்டினார். பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947-இல்தான் நிறைவேறிற்று. அதற்கு மூன்றாண்டுகள் முன்னதாக, 1944-இல், கலாக்ஷேத்திரத்தில் ருக்மிணி தேவி அருண்டேல் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக அரங்கேற்றினார். கோயிற் பெண்ணின் காலிலிருந்து சலங்கை இறங்கிற்று; வேறு வீட்டுப் பெண்ணின் காலில் ஏறிற்று. கலை அழியவில்லை. அழியும் என்று அலறியவர்கள் அந்த அரங்குகளில் முன்வரிசையில் அமர்ந்து சுவைத்திருப்பார்கள் என்பதில் நமக்கு ஐயமில்லை.

நாம் இவ்வளவு சொன்ன பிறகு, குறவஞ்சியைக் கொளுத்த வேண்டும் என்கிறீர்களா என்று யாரேனும் கேட்கலாம். இல்லை! அதற்குக் காரணம் சிங்கி.

வசந்தவல்லி விட்ட இடத்தில் சிங்கி நாடகத்தைத் தூக்கி நிறுத்துகிறாள். குறி சொல்ல வந்த அதே குறத்திதான் அவள். தங்கள் குலத்தைப் பற்றி அவள் முன்னரே ஒரு செய்தி சொல்லியிருந்தாள். தாங்கள் கண்ட குலத்தில் பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை. ஆனால் ஓர் உறவைப் பற்றிவிட்டால் விடுவதே இல்லை. இலஞ்சி வேலனுக்கே ஒரு பெண்ணைக் கொடுத்து, மலைகளைச் சீதனமாக எழுதி வைத்தவர்களாம்! தெய்வம் இவர்கள் தினைப்புனத்துக்கு வந்து, விலங்கு விரட்டி, வேங்கை மரமாய் நின்று நிழல் தந்து, பெண் பெற்றுப் போயிற்று. தெய்வத்தின் வீதியில் நின்று மயங்கும் மாடத்துப் பெண்ணையும், தன் புனத்துக்குத் தெய்வத்தை வரவழைத்த காட்டுப் பெண்ணையும் ஒரே மேடையில் கவிராயர் எதிரெதிரே நிறுத்திவிட்டார். அறிந்து செய்தாரோ, அறியாமல் செய்தாரோ!

சிங்கன் அவளைத் தேடி வருகிறான். கூட நூவன் என்னும் தோழன். வயலில் பறவைகள் இறங்குகின்றன, கண்ணி வைக்கிறார்கள், சிங்கியின் நினைவில் சிங்கன் தடுமாற, பறவைகள் பறந்துபோகின்றன. இவனும் மூடக் காதலன்தான். வேட்டையைக் கெடுத்துக்கொள்கிறான், சிங்கியைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் உனக்கு வசியப் பொடி தருவேன், மரப்பாவையும் பின்னால் ஓடிவரச் செய்யும் மாயப் பொடி தருவேன் என்று நூவனுக்கு ஆசை காட்டுகிறான். மரப்பாவையை ஓடிவரச் செய்யும் பொடி மடியிலிருக்க, மனைவியைத் தேடி நீ ஏனப்பா தெருத்தெருவாய் ஓடுகிறாய் என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா? பகுத்தறிவுப் பிரசாரத்துக்கு இதைவிட நல்ல மேடைக் காட்சியை நாம் எழுத முடியாது. ஆயினும் இவன் மூடத்தனத்துக்கும் வசந்தவல்லியின் மூடத்தனத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தொலைவு. இவன் எழுந்து தேடுகிறான். தேடப்படுபவளும் உயிருள்ளவள், எங்கோ ஒரு தெருவில் உழைத்துக்கொண்டிருப்பவள்.

கண்டுபிடிக்கிறான். கண்டவுடன் கேட்கிறான், என்னிடம் சொல்லாமல் இத்தனை நாள் எங்கே போனாய் என்று. குறி சொல்லப் போனேன் என்கிறாள், ஒரே மூச்சில். உன்னைப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது, சொல்லத்தான் அச்சம் என்கிறான் அவன். அச்சம் எதற்கு, தோன்றியதைச் சொல்லடா என்கிறாள் அவள்! பிறகு வரிசையாகக் கேள்வி. காலில் சுற்றிக் கிடப்பது என்ன, விரலில் சுருண்டிருக்கும் பூச்சி என்ன, இடுப்பில் ஏறிய பாம்பு என்ன. நகையையே காணாதவன் நகைகளைக் கண்டு மிரள்வதாக வெளியே சிரிப்பு. இவற்றையெல்லாம் கொடுத்தவன் எவன் என்ற ஐயம் உள்ளே. அவள் விடை அத்தனையும் கணக்கு. சிலம்பு சேலத்து நாட்டில் குறி சொல்லிப் பெற்றது. காலாழி கண்டி தேசத்துக் கூலி. கெச்சம் குற்றாலநாதர் சந்நிதிப் பெண்கள் தந்தது. முத்தாரம் காயலார் கொடுத்தது. சல்லாச் சேலை நெல்வேலியார் ஈந்தது.

இந்தக் கணக்கைச் சற்று நிதானமாகப் படியுங்கள். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வெனிசு நகரத்து மார்க்கோ போலோ வந்து கண்டு வியந்த முத்துத் துறை காயல். தாமிரபரணி கடலோடு கலக்கும் பக்கத்தது. சல்லா என்பது காற்றில் மிதக்கும் மெல்லிய துணி. அதை நெல்வேலியார் பேரோடு சேர்த்துப் பாடுகிறார் கவிராயர். மேலப்பாளையத்துத் தறி ஓசை கேட்டு வளர்ந்த எவரும் அந்த இடத்தில் ஒரு கணம் நிற்பர். ஆற்றின் முகத்துவாரம் முதல் கடல் கடந்த கண்டி வரை தன் காலால் நடந்து, தன் வாயால் சம்பாதித்து, உடம்பில் அணிந்து வந்திருக்கிறாள் ஒரு பெண். பட்டியலில் சந்நிதிப் பெண்களும் இருக்கிறார்கள் என்பதை மறுமுறை பாருங்கள். தெய்வத்துக்கு மணமுடிக்கப்பட்டவர்களே, தெய்வம் வருமா என்று குறத்தியிடம் குறி கேட்டுக் காலணியைக் கழற்றிக் கொடுத்தார்களோ என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். எண்ணுவது நம் உரிமை.

சொல்லுக்கு இவ்வளவு அழகாகப் பயன்பட்ட குறவர் குலம், நாட்டில் என்ன பாடு பட்டது? 1911-ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் குறவரைப் பிறவிக் குற்றவாளிகளாகப் பட்டியலிட்டது வெள்ளை அரசு. காவல் நிலையத்தில் கைநாட்டு வைக்காமல் ஊர்விட்டு ஊர் போகக் கூடாது. சேலம் முதல் கண்டி வரை நடந்த சிங்கியின் பேர்த்தியர், அடுத்த ஊர் சந்தைக்குப் போவதற்கும் சீட்டு வாங்க வேண்டியதாயிற்று. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் நீங்கியது 1947-இல். இந்தியா முழுமைக்கும் 1952-இல். 1944-இல் சென்னை மேடையில் சிங்கனுக்கும் சிங்கிக்கும் கைதட்டல் எழுந்த நாட்களில், மேடைக்கு வெளியே இருந்த சிங்கனும் சிங்கியும் போலீஸ் பதிவேட்டில் இருந்தார்கள். பொட்டுக்கட்டும் குற்றப் பரம்பரையும் இந்த மாகாணத்தை விட்டு ஒரே ஆண்டில் சட்டப்படி ஒழிந்தன என்பது வரலாறு தந்த பொருத்தம். வசந்தவல்லியை ஆடியவளுக்கும், சிங்கியாக ஆடப்பட்டவளுக்கும் ஒரே ஆண்டில் விலங்கு தறிக்கப்பட்டது.

நாடகத்தின் கடைசிக் காட்சிக்கு வருவோம். கேள்விகள் தீர்ந்துவிட்டன. சிங்கனின் ஐயமும் தீர்ந்துவிட்டது. இருவரும் தெருவில் நிற்கிறார்கள். அவள் உடுத்தியிருப்பது நெல்வேலிச் சல்லா. காலில் சேலத்துச் சிலம்பு. பக்கத்தில் தேடி வந்த துணைவன். வசந்தவல்லி மாடத்தில் இருக்கிறாள். அவள் அனுப்பிய தோழியைப் பற்றி, கேட்ட மாலையைப் பற்றி, கீழே யாரும் பேசவில்லை.